குட்டை முடி நாயை மலைக்குக் கொண்டு வருவதற்கு முன்னால்

எங்கள் தெருவில் இப்போது இரண்டு வீட்டில் நாய்க்குட்டி வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே நிபந்தனை: முடி குட்டையாக இருக்க வேண்டும், சீவிவிடவும் வெட்டிவிடவும் யாருக்கும் நேரமில்லை. நியாயமான நிபந்தனைதான். நானும் அதே காரணத்துக்காகத்தான் வாங்கினேன். நீலகிரி மலையில், கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் நடுவில் எங்கள் வீடு. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதனால் அந்தக் குளிர்காலத்தில் நடந்த கூத்து எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்த்தேன், ஒருத்தியே அழுதேன். யாராவது ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து விவரம் சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் மிஞ்சியிருக்கும், அந்தக் குட்டியும் அவ்வளவு பட்டிருக்காது. அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான் இது.

முதலில் ஏன் குட்டை முடி என்று சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எங்களிடம் வெள்ளை பொமரேனியன் ஒன்று இருந்தது. கீழே கோயம்புத்தூரில் அந்த முடியை வாரம் ஒருமுறை சீவினால் போதும் என்பார்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே ஒரு வாரம் கொடியில் தொங்கும், நாயின் முடி மட்டும் எப்படிக் காயும்? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை உள்ளே விட்டால் தோலோடு ஒட்டி ஈரம் அப்படியே நிற்கும். காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொடை இடுக்கில் முடி சடை பிடித்துவிடும். சடைக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகி, அதிலிருந்து வருகிற வாடை இருக்கிறதே, கம்பளி வரைக்கும் ஏறிவிடும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அம்மா நாயைப் பிடித்துக்கொள்ள, நான் கத்தரிக்கோலால் தோலைக் கீறிவிடாமல் சடையை வெட்டி எடுப்பேன். வயதாகி அது போய்ச் சேர்ந்தபோது, "இனி நாய்னு ஒண்ணு வந்தா முடியே இல்லாத நாயா வரட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

சரி, குட்டை முடி என்று முடிவாகிவிட்டது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, குட்டை முடியிலேயே இரண்டு வகை இருக்கிறது. லாப்ரடார், பீகிள், பக் எல்லாம் பார்க்க மழமழவென்று இருக்கும். ஆனால் மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு உண்டு. அந்த அடி அடுக்குதான் குளிரைத் தாங்குகிறது, வருடம் முழுக்க வீடு முழுக்கக் கொட்டுவதும் அதுதான். கொட்டுவதில் டால்மேஷியனும் இதே கதை, அதன் முடி ஊசி மாதிரி துணியில் குத்திக்கொண்டு நிற்கும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை, நாய் வாசலில் படுத்திருக்கும். எங்கள் ஊரில் ராத்திரி நாயை வெளியே விட்டால் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே நாய் வீட்டுக்குள்தான் வாழ்ந்தாக வேண்டும், வீட்டுக்குள் எல்லோர் மேலும் ஸ்வெட்டர், சால்வை, கம்பளி. லாப்ரடார் முடி கம்பளிக்குள் புகுந்துவிட்டால் வாயால் கடித்துத்தான் இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தன் லாப்ரடாரைக் காட்டி, "சீவ வேண்டாம்னு சொன்னாங்க, நான் இப்ப வீட்டத்தான் சீவிட்டிருக்கேன்" என்று சொன்னது முழு உண்மை.

இன்னொரு வகையில் அந்த அடி அடுக்கு இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். டாபர்மேன், பாக்ஸர், மழமழ முடி டாஷ்ஹண்ட், அப்புறம் நம் ஊர் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை. கொட்டும் முடி குறைவு, குளித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், சடை என்ற பேச்சே கிடையாது. ராஜபாளையம் 2005-ல் தபால் தலையிலேயே வந்த நாய், கம்பீரம் என்றால் அதுதான். ஆனால் அந்த வெள்ளை முடிக்கும் ரோஸ் மூக்குக்கும் மலை வெயில் ஒத்துக்கொள்ளாது, மூக்கு வெந்து உரியும், அதோடு அந்த இனத்தில் பிறவிச் செவிடு வேறு கொஞ்சம் அதிகம். டாஷ்ஹண்டுக்கு வயிறு தரையைத் தொடும், பனி விழுந்த புல்லில் நடந்தாலே அடிவயிறு நனைந்துவிடும். கடைசியில் சிப்பிப்பாறை என்று முடிவு செய்து, கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருவரிடம் 12,000 ரூபாய்க்கு ஆண் குட்டி வாங்கினேன். கார் வாடகை தனி. செம்மண் நிறம், அதனால் பெயர் செவலை. "சீப்பே வாங்க வேண்டாம் மேடம், ஈரத் துணியில ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்" என்றார் விற்றவர். அந்த வார்த்தை இன்றுவரை பொய் ஆகவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னைப் படுத்தியெடுத்தது.

சிப்பிப்பாறை விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து வெயிலில் முயல் விரட்ட வளர்த்த நாய். உடம்பில் கொழுப்பு கிடையாது, தோல் மெலிசு, முடி அதைவிட மெலிசு. அந்த உடம்பு அந்த வெயிலுக்குத் தோதானது. அதை ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில், குஞ்சப்பனை தாண்டி மேலே கொண்டு வந்தேன். வளைவு ஏற ஏறக் குட்டி என் மடியில் உதற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் உதறல் நிற்கவில்லை. கோணிச் சாக்கை மடித்துப் போட்டேன், இங்கே சாக்கு எப்போதும் ஈரம் இழுத்தபடிதான் இருக்கும், பிரயோஜனமில்லை. அது தானாகவே ஹீட்டரைக் கண்டுபிடித்து, அதன் கம்பிக்கு இரண்டு விரல்கடை பக்கத்தில் முகத்தை வைத்துத் தூங்கியது. ஒருநாள் கருகிய வாடை அடித்து ஓடிப்போய்ப் பார்த்தால் விலாப் பக்கம் முடி சுருண்டிருக்கிறது, தோல் சிவந்திருக்கிறது, அது அசையவே இல்லை. அன்றைக்கே மரப்பெட்டிச் சட்டத்தை ஹீட்டருக்கு முன்னால் தடுப்பாக வைத்தேன். அம்மா கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா என்று கேட்டார், கதவு சாத்திய அறையில் கரி அடுப்பு வைத்துப் படுத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், நாய்க்கும் அதே ஆபத்துதான், அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

படுக்கை விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது இது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பலகை, அதன்மேல் பழைய மெத்தைத் துண்டு, அதன்மேல் வாரம் ஒருமுறை துவைக்கிற மாதிரி உறை. குளிருக்காக மட்டும் இல்லை. எலும்பும் தோலுமான இந்த நாய்கள் சிமென்ட் தரையில் படுத்தால் முன்னங்கால் முட்டியில் முடி உதிர்ந்து, தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். கவனிக்காமல் விட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். செவலைக்கு இடது முட்டியில் இன்னும் எட்டணா அளவுக்குக் கறுப்புக் காய்ப்பு இருக்கிறது. சட்டை போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் கடையில் விற்கிற கம்பளிச் சட்டை கக்கத்தில் உரசிப் புண்ணாக்கும், மழையில் நனைந்தால் சட்டை போடாமல் இருந்ததைவிட மோசம். என் பழைய பனியன் துணி பைஜாமாவின் காலை வெட்டி, முன்கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன், அதுதான் நன்றாக உட்கார்ந்தது. தினமும் கழற்றி உள்ளே தோலைப் பார்த்துவிட்டுக் காய்ந்ததை மாற்ற வேண்டும், அதுவும் ஒரு வேலைதான்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். கார்த்திகை பிறந்தபோது செவலையின் வலது கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து கண்ணாடி போட்ட மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. அரிப்பு இல்லை, அழவில்லை, நன்றாகச் சாப்பிட்டது. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "தண்ணி மாறுனதுதான், பயப்படாதீங்க" என்றார். அடுத்து வாய் ஓரம், அப்புறம் முன்னங்கால். செல்லப்பிராணிக் கடையில் காட்டினேன், பார்த்தவுடனே படை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவியதும் சிவப்பு குறைந்தது, எனக்கு அவ்வளவு நிம்மதி. பிறகுதான் தெரிந்தது அதில் ஸ்டீராய்டு இருந்தது, இந்த வியாதிக்கு ஸ்டீராய்டு எரிகிற அடுப்பில் ஊற்றிய எண்ணெய். களிம்பு தீருவதற்குள் கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு நாய் அழகு நிலையத்தில் மருந்துக் குளியல் என்று கூட்டிப்போனேன், அதற்குத் தனியாக 1,200 ரூபாய், டாக்ஸி 3,500. குளித்த நாயை அரைகுறையாகத் துடைத்துக் கையில் கொடுத்தார்கள், மேலே ஏறுவதற்குள் அதற்கு உடம்பு நெருப்பாகக் காய்ந்தது.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒர்க் ஷாப் அண்ணன் ஒருவர் பாட்டிலில் கழிவு ஆயிலும் கந்தகப் பொடியும் கலந்து கொண்டுவந்து, "ரெண்டு தடவ தடவுங்க, சொறி பறந்துடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நாய் தன் உடம்பை நக்கும், அந்த ஆயில் அப்படியே வயிற்றுக்குள் போகும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். இன்னொருவர் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் போடலாம் என்றார். அந்த மருந்தை நாய்க்குக் கொடுப்பது உண்டுதான், அளவு துளி தவறினாலும் நரம்பு பாதிக்கும், கோலி மாதிரி சில இனங்களுக்குச் சாதாரண அளவே உயிருக்கு ஆபத்து. வீட்டில் கை வைக்கிற விஷயம் இல்லை அது.

இரண்டு கண்ணும் வீங்கி, காலில் சீழ் வைத்து, நடக்கவே முடியாமல் போன ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு கால்நடை டாக்டரைத் தேடிப்போனேன். அவர் களிம்பு எதையும் கேட்கவில்லை. தோலை இரண்டு விரலால் பிதுக்கி, மொட்டைப் பிளேடால் லேசாக ரத்தம் கசிகிற வரைக்கும் சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் எண்ணெய்த் துளியோடு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டு வடிவத்தில், முன்பக்கம் குட்டைக் கால்களோடு, கூட்டமாக நெளிகிறது. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. "இது எல்லா நாய்கிட்டயும் கொஞ்சம் இருக்கும்மா, பொறந்த முதல் சில நாள்ல தாய்கிட்ட பால் குடிக்கும்போது ஒட்டிக்கிறது. உடம்புல எதிர்ப்புச் சக்தி சரியா இருந்தா அது பாட்டுக்கு முடி வேர்ல கிடக்கும்" என்றார். குளிர், இடமாற்றம், குடற்புழு, சத்துக் குறைவு என்று உடம்பு தளர்ந்தால் பெருகிவிடும். மனிதருக்கு ஒட்டாது, ஆரோக்கியமான வேறு நாய்க்கும் ஒட்டாது. ராத்திரி தூக்கம் போக அரிப்பு இருந்து, வீட்டு ஆட்களுக்கும் கை, இடுப்பில் அரித்தால் அது வேறு வகைச் சொறி, ஸ்கேபிஸ், அது ஒட்டும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகையால் குட்டிக்கு வட்டமாக முடி உதிர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தோலைச் சுரண்டிப் பார்க்கலாமா?

சிகிச்சை சிக்கலானது இல்லை, நீளமானது. உண்ணிக்குக் கொடுக்கிற சப்பும் மாத்திரை வகையே இதற்கும் கேட்கிறது, வயதும் எடையும் பார்த்து டாக்டர் தர வேண்டும், வலிப்பு வருகிற நாய் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். சீழுக்குத் தனியாக ஆன்டிபயாட்டிக், குளிக்க மருந்து ஷாம்பு, குடற்புழு மாத்திரை. ஷாம்பு நுரையைப் பத்து நிமிடம் உடம்பிலேயே விட்டுவிட்டு அலச வேண்டும், உடனே கழுவினால் காசு சாக்கடைக்குப் போகிறது. மார்கழிக் குளிரில் வெந்நீர்ப் பக்கெட்டோடு, உதறுகிற நாயைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடம் நகரவே நகராது. முடி முளைத்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லை என்றால்தான் முடிந்தது. பங்குனியில்தான் டாக்டர் போதும் என்றார்.

நடுவில் அம்மாவுக்கு வீசிங் வந்தது. குட்டை முடி நாய் என்றால் அலர்ஜி வராது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், எங்கள் சொந்தக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிர்கிற பொடுகு, இவற்றில் இருக்கிற புரதத்தால் வருகிறது. முடி குட்டை என்பதால் பொடுகு உதிர்வது நின்றுவிடாது. அலர்ஜியே தராத இனம் என்று ஒன்று கிடையாது. செவலைக்குத் தோல் உரிந்துகொண்டிருந்த நேரம் வேறு. அம்மாவின் அறைக்குள் அதை விடுவதை நிறுத்தினேன், பெருக்குவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன், அம்மாவின் கம்பளியைத் தனிப் பெட்டியில் வைத்தேன். குறைந்தது, போகவில்லை. வீட்டில் ஆஸ்துமா ஆள் இருந்தால் நாய் வாங்குவதற்கு முன் அந்த இனத்து நாய் இருக்கிற வீட்டில் போய் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இப்போது செவலைக்கு நான் செய்கிற வேலை என்னவென்றால், சீப்பு இல்லை, ரப்பர் முள் வைத்த கையுறையால் வாரம் ஒருமுறை தேய்ப்பது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. குளியல் மாதம் ஒன்று, வெயில் அடிக்கிற நாளில் மத்தியானம், நாய்க்கான ஷாம்புவில் மட்டும். மனிதர் ஷாம்பு நாய்த் தோலுக்குச் சேராது. மழையில் நடந்து வந்தால் விரலிடுக்கு, கக்கம், காதின் உள்மடல் மூன்றையும் துடைப்பதுதான் முக்கியம், முதுகு தானாகக் காய்ந்துவிடும். காதில் புளித்த வாடை வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், குச்சி விட்டுக் குடையாமல் டாக்டரிடம் காட்டுவது. நகம் ஈர மண்ணில் தேயாது, நாமே வெட்ட வேண்டும், இதற்கும் முடி நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

குளிர் ஊரில் உண்ணி இருக்காது என்பார்கள். காட்டெருமையும் மாடும் நடக்கிற புல்லில் உண்ணி இருக்கிறது. குட்டை முடியின் உண்மையான லாபம் இங்கேதான், கையைத் தடவினாலே தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். மண்ணெண்ணெய், நெருப்புக் குச்சி எதுவும் வேண்டாம். காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி, இந்த மூன்றையும் மறக்காமல் பாருங்கள். நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்து, ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் சோலை ஓரம் போய்வந்து ஒரு மூக்கில் மட்டும் ரத்தம், ஓயாத தும்மல் என்றால் உள்ளே அட்டை ஏறியிருக்கலாம், நீங்களே பிடுங்கப் பார்க்காதீர்கள்.

முடி சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சிப்பிப்பாறை வாங்குகிறவர்களுக்கு இது முடியைவிடப் பெரிய விஷயம். அது கண்ணால் பார்த்து ஓடுகிற நாய். தேயிலைச் செடிக்கு அந்தப் பக்கம் எதாவது அசைந்தால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. செவலை ஒருமுறை கயிறு நழுவி ஒரு காட்டெருமையை விரட்டப் போய், அது திரும்பி நின்றதும் என் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது, நடுவில் நான். அதற்குப் பிறகு கழுத்துப் பட்டை இல்லை, மார்போடு சேர்த்துக் கட்டுகிற பட்டைதான். இருட்டின பிறகு வாசல் தாண்டுவது கிடையாது, கரடியும் வருகிற ஊர் இது.

போன வைகாசியில் விற்றவர் போன் செய்தார். செவலையின் படத்தைப் பார்த்திருக்கிறார், ஆள் நன்றாக வளர்ந்துவிட்டான், ஒரு பெண் நாய்க்கு இணை சேர்க்கலாமா, குட்டியில் ஒன்று எனக்குத் தருகிறேன் என்றார். குட்டி வயதில் உடம்பு முழுக்க டெமோடெக்ஸ் பரவிய நாய்க்கு அந்தப் பலவீனம் வம்சத்தில் இருக்கலாம், இனவிருத்திக்கு விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஏற்கெனவே கருத்தடை செய்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டு, இதன் தாயையும் இனி இணை சேர்க்காதீர்கள் அண்ணா என்றேன். கூடப் பிறந்த மற்றக் குட்டிகளுக்கு முடி உதிர்ந்ததா என்று கேட்டேன். "ரெண்டுக்கு லேசா இருந்துச்சு, சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு லைனை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். தாயை நேரில் பாருங்கள், அதன் முகத்திலும் முன்னங்காலிலும் முடி ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். தாய் இல்லை, வேறு ஊரில் இருக்கிறது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியின் கண் ஓரம், வாய் ஓரம், விரல் மேல்பக்கம் இவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குடற்புழு மாத்திரை, தடுப்பூசிச் சீட்டு கேளுங்கள். மலைக்குக் கொண்டு வருவதாக இருந்தால் மாசி, பங்குனிக்குப் பிறகு கொண்டு வாருங்கள், மழைக்கு முன் உடம்பு தேற அதற்குச் சில மாதமாவது கிடைக்கும். இத்தனையும் தலைவலி என்று தோன்றினால் நம் தெருவிலேயே பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுக்கலாம். பெரும்பாலும் அதற்கும் குட்டை முடிதான், இந்தக் குளிரிலேயே பிறந்த தாயின் குட்டி, காசும் இல்லை. டாக்டரிடம் காட்டித் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துகொள்ள வேண்டியது மட்டும்தான். பக்கத்துத் தெரு டீக்கடைக்குப் பின்னால் இப்போதுகூட நாலு குட்டி கிடக்கிறது, இரண்டு கறுப்பு, இரண்டு செவலை.